செட்டில் ஆவதற்கு முந்தைய பத்து நாள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் கோத்தகிரி, குன்னூர், ஊட்டி என்று எங்கேயாவது ஒரு வீட்டில் பெட்டியைத் தராசில் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 23 கிலோவைத் தாண்டக் கூடாது. பருப்புப் பொடி, ஊறுகாய், சின்ன குக்கர், ஒரு கிலோ டஸ்ட் டீ, பேப்பரில் சுற்றிய வர்க்கி. பிள்ளை லண்டனுக்கு எம்.எஸ்ஸி. படிக்கப் போகிறது. வழியனுப்ப வரும் சித்தப்பா, பெரியம்மா, பக்கத்து வீட்டு டீச்சர் எல்லோரும் கடைசியில் சொல்வது ஒரே வாசகம்: "மொதல்ல போய் நல்லபடியா செட்டில் ஆகு சாமி. ஊர் சுத்தறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." அக்கறையில் வரும் வார்த்தை அது. ஆனால் லண்டனைப் பொறுத்தவரை அது தப்பான யோசனை என்பது என் உறுதியான எண்ணம். ஒவ்வொரு வருடமும் அந்த வாசகம் காதில் விழும்போது மறுத்துச் சொல்ல வேண்டும் என்று இருக்கும். கிளம்பும் நேரத்தில் எதற்கு வாதம் என்று விட்டதை எல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன்.

அங்கே முதுகலைப் படிப்பு பெரும்பாலும் ஒரே வருடம். செப்டம்பர் கடைசியில் வகுப்பு தொடங்கும். நவம்பருக்குள் அசைன்மென்ட் வந்து கழுத்தில் உட்காரும். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்க மாணவர் விசா அனுமதிக்கிறது. வாடகைக் கவலையில் சனி, ஞாயிறு அதற்குப் போய்விடும். இப்படியே போனால் வருடக் கடைசியில் பிள்ளைக்குத் தெரிந்த லண்டன் நாலு இடம்தான்: ரூம், காலேஜ், வேலை பார்க்கும் கடை, மளிகை வாங்கும் கடை. நாலுக்கும் நடுவில் டியூப் ரயில். மண்ணுக்கு அடியில் இறங்கி மண்ணுக்கு அடியிலேயே போய் ஏறுவதால், இடையில் என்ன ஊர் இருக்கிறது என்பதே கண்ணில் படாது.

மலைப் பிள்ளைகளுக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. நாம் டூரிஸ்ட்டுகளைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள். சீசன் நேரத்தில் போட் ஹவுஸ், பொட்டானிக்கல் கார்டன், தொட்டபெட்டா, டீ ஃபேக்டரி, சாக்லேட் கடை என்று ஒரே நாளில் ஏழெட்டு இடம் ஓடி, அதில் பாதி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, வாந்தி எடுத்த குழந்தையைத் தேற்றிக்கொண்டு திரும்பும் குடும்பங்களை நமக்குத் தெரியும். கூட்டம் தாங்காமல் 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வர இ-பாஸ் என்றாகிவிட்டது. நம் ஊர் பஸ் அந்த நெரிசலில் மணிக்கணக்கில் நின்றிருக்கிறது. அதனால் ஊர் பார்ப்பது என்றாலே அடுத்தவருக்கு இடைஞ்சல் என்று மனதில் படிந்துவிட்டது. அந்தப் பிள்ளை லண்டனில் பிக் பென் முன்னால் நின்று அண்ணாந்து பார்க்கக் கூச்சப்படும். கூச்சமே வேண்டாம். டூரிஸ்ட் எங்கே தப்புச் செய்கிறார் என்பது நம்மைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பது ஒன்று, வண்டியைவிட்டு இறங்காமல் பார்ப்பது இன்னொன்று. இந்த இரண்டையும் தவிர்த்தால் போதும்.

ஒரு நாளைக்கு நாலு நிமிடம்

"அப்புறம் பாத்துக்கலாம்" என்பது லண்டனில் செல்லாமல் போவதற்கு நேரமின்மையைவிடப் பெரிய காரணம் வெளிச்சம். ஊட்டி நிலநடுக்கோட்டுக்கு 11 டிகிரி வடக்கே இருக்கிறது. இங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். எந்த மாதமானாலும் மாலை ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் பொழுது சாய்ந்துவிடும் என்ற நம்பிக்கை நம் உடம்பிலேயே இருக்கிறது. லண்டன் ஐம்பத்தொன்றரை டிகிரி வடக்கே. அங்கே ஜூனில் பகல் பதினாறரை மணி நேரம் நீளும். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. நம் பிள்ளை போய் இறங்குவது செப்டம்பர் மூன்றாம், நான்காம் வாரம். அப்போது அங்கே ஏழு மணி வாக்கில் சூரியன் மறைகிறது. அட, நம் ஊர் மாதிரியே இருக்கிறதே என்று தோன்றும். ஆள் ஏமாறுவது அங்கேதான். அந்த ஒரு வாரம்தான் உலகம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் வாரம். அதற்கப்புறம் லண்டனில் ஒவ்வொரு நாளும் பகல் கிட்டத்தட்ட நாலு நிமிடம் குறையும். வாரத்துக்கு அரை மணி நேரம். அக்டோபர் கடைசி ஞாயிறன்று நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பார்கள். அன்றைக்கு மாலை நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். டிசம்பர் நடுவில் நாலு மணிகூட ஆகாது. காலையில் விடிவதோ எட்டு மணிக்கு. வகுப்பு முடிந்து வெளியே வந்தால் ராத்திரி.

"ஊட்டிக் குளிரையே பாத்தவங்க நாம, லண்டன் குளிர் என்ன பண்ணும்" என்று தைரியம் சொல்வார்கள். குளிர் ஒன்றும் பண்ணாதுதான். ஜனவரியில் தலைகுந்தா புல்வெளியில் உறைபனி வெள்ளையாக விரித்துக் கிடப்பதைப் பார்த்த பிள்ளைக்கு லண்டன் குளிர் புதிதல்ல. மழையும் அப்படியே. லண்டனில் ஒரு வருடத்துக்குப் பெய்வது சுமார் 600 மில்லிமீட்டர், ஊட்டியில் பெய்வதில் பாதிதான். ஜெர்கினில் தொப்பி இருந்தால் குடைகூட வேண்டியதில்லை. ஆனால் நம் ஊரில் உறைபனி விழுந்த காலையில்கூட ஒன்பது மணிக்குச் சுள்ளென்று வெயில் அடிக்கும். வாசலில் நின்று முதுகைக் காட்டலாம். வெயிலே வராத குளிர் நமக்குப் பழக்கமில்லை. நவம்பரில் பிள்ளை ரூமைவிட்டு அசையாமல் கிடந்து, போனில் குரல் கம்மிப் பேசுவதற்கு இந்த இருட்டுதான் முக்கால்வாசிக் காரணம் என்று நினைக்கிறேன். கால் பழகிய தெரு நாலு இருந்தால் இருட்டிலும் கிளம்பத் தோன்றும். பகலில் ஒரு தடவைகூட நடந்திராத ஊருக்குள் இருட்டில் போக யாருக்கும் மனம் வராது. அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் பத்து நாள் ஊர் பாருங்கள். பாங்க் கணக்கு, காலேஜ் அடையாள அட்டை எல்லாம் வர எப்படியும் நாளாகும். ரூமில் உட்கார்ந்து காத்திருப்பதால் அவை சீக்கிரம் வரப்போவதில்லை.

உடம்பும் இதற்கு ஒத்துழைக்கும். கடிகாரம் திருப்பும் நாள்வரை நமக்கும் லண்டனுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். முதல் மூன்று, நான்கு நாள் மாலை ஏழு மணிக்கே கண் சொருகும், விடிகாலை மூன்றரைக்கு முழிப்புத் தட்டும். திரும்பத் தூங்கப் புரண்டு படுக்காமல் குளித்து, டீ போட்டுக் குடித்துவிட்டு ஆறு மணிக்குக் கிளம்புங்கள். ஆறே முக்காலுக்குச் சூரியன் வரும்போது வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நிற்கலாம். பதினொரு மணிக்கு அதே பாலத்தில் தோளோடு தோள் இடிக்கும்.

கார்டு செய்யும் வேலை

முதல் நாள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கார்டில்தான். லண்டன் பஸ்ஸில் 2014 ஜூலையிலிருந்து ரொக்கம் வாங்குவதில்லை. கான்டாக்ட்லெஸ் கார்டையோ போனையோ மஞ்சள் வட்டத்தில் காட்டித்தான் ஏற வேண்டும். 2020இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, இந்தியாவில் கொடுக்கப்படும் புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் கான்டாக்ட்லெஸ்ஸும் ஆரம்பத்தில் மூடியே இருக்கும். நாமாகத் திறந்துவிட வேண்டும். அதைக் கோயம்புத்தூர் விமான நிலையம் போவதற்கு முன்பே, நம் ஊர் சிம் வேலை செய்யும்போதே பாங்க் ஆப்பில் முடித்துவிடுங்கள். அங்கே போய்ச் செய்தால் ஓ.டி.பி. வராமல் ஹீத்ரோவில் நிற்க வேண்டியிருக்கும்.

டியூபில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும். ஏறும்போது போனையும் இறங்கும்போது அதே கணக்கின் கார்டையும் காட்டினால் மெஷினுக்கு அவை இரண்டு ஆட்கள். இரண்டிலும் அதிகபட்சக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும். டி.எல்.ஆர். எனப்படும் ஓட்டுநர் இல்லாத ரயிலின் பல நிலையங்களில் தடுப்புக் கதவே இருக்காது. கதவு இல்லையே என்று தட்டாமல் நடந்து வந்துவிட்டாலும் இதே கதிதான். எஸ்கலேட்டரில் வலப்பக்கம் நிற்க வேண்டும், இடப்பக்கம் நடப்பவர்களுக்கு.

கட்டணங்கள் 2025 கணக்குப்படி: பஸ்ஸுக்கு 1.75 பவுண்டு. முதல் பஸ்ஸில் தட்டிய ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் மறுபடி பிடிக்காது. பஸ்ஸில் மட்டும் போனால் ஒரு நாளைக்கு 5.25 பவுண்டுக்கு மேல் போகாது. டியூபில் நகர நடுவே ஒரு தடவை போனாலே மூன்று பவுண்டு நெருங்கும். ஹீத்ரோவிலிருந்து பிக்கடிலி லைன் 5.80 பவுண்டு, நகரம் வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். எலிசபெத் லைன் சீக்கிரம் வரும், ஆனால் இரண்டு மடங்குக்கும் மேல். மாணவர் சலுகை 30 சதவீதம் என்று சொல்வதை நம்பி முதல் வாரத்துக்குக் கணக்குப் போடாதீர்கள். அது வார, மாத பாஸ்களுக்குத்தான். அதற்கும் காலேஜில் பெயர் பதிவாகிப் படம் ஒட்டிய கார்டு வர வேண்டும்.

டியூப் மேப்பை ரூம் சுவரில் ஒட்டுங்கள், ஆனால் அதை வைத்துத் தூரம் கணக்கிடாதீர்கள். ஹாரி பெக் வரைந்து 1933இல் வெளிவந்த வடிவம் அது. நேர்க்கோடும் சாய்கோடுமாக, நிலையங்களுக்கு இடையே ஏறக்குறைய ஒரே இடைவெளி விட்டு, எந்த லைனில் எங்கே மாறுவது என்பதை மட்டும் சொல்லும். லெஸ்டர் ஸ்கொயரும் காவென்ட் கார்டனும் மேப்பில் மற்ற நிலையங்களைப் போலவே தள்ளி இருக்கும். நிஜத்தில் இடைவெளி சுமார் 260 மீட்டர். நடந்தால் ஐந்து நிமிடம். டியூபில் போனால் இறங்கி, காத்திருந்து, காவென்ட் கார்டனில் லிஃப்ட் கூட்டத்தைப் பார்த்துப் பயந்து படியில் கால் வைத்தால் 193 படி. மேட்டுப்பாளையம் ரோட்டில் வளைந்து வளைந்து போகும் பஸ்ஸை விட்டு இறங்கி, எஸ்டேட் குறுக்குப் பாதையில் பஸ்ஸுக்கு முன்னால் வீடு போய்ச் சேரும் நமக்கு இந்தக் கணக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. லண்டனிலும் நிறையக் குறுக்குப் பாதை உண்டு. அவை நடப்பவருக்குத்தான் தெரியவரும்.

ஆற்றை இடப்பக்கம் வைத்துக்கொண்டு

முதல் நடை எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து டவர் பிரிட்ஜ் வரை, தென்கரையில். ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். பாலத்தைக் கடந்து இடப்பக்கம் இறங்கினால் அப்புறம் வழி கேட்கவே வேண்டாம், தேம்ஸை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் போதும். லண்டன் ஐ என்ற ராட்சத ராட்டினம், அதைத் தாண்டி நடைபாலம், வாட்டர்லூ பாலத்துக்கு அடியில் பழைய புத்தக மேசைகள், பிறகு டேட் மாடர்ன் கலைக்கூடம். அதன் எதிரே மில்லேனியம் நடைபாலம். 2000 ஜூன் 10 அன்று திறந்து, இரண்டே நாளில் மூடிய பாலம் இது. ஆயிரக்கணக்கானோர் நடந்தபோது பாலம் பக்கவாட்டில் லேசாக ஆடியது. ஆட்டத்துக்குத் தக்கபடி எல்லோரும் தங்களை அறியாமல் ஒரே தாளத்தில் கால் வைக்க, அந்த மிதியே ஆட்டத்தைப் பெரிதாக்கிவிட்டது. அதிர்வைத் தாங்கும் கருவிகள் பொருத்தி 2002இல் திரும்பத் திறந்தார்கள். பாலத்தின் நடுவில் குனிந்து தளத்துக்கு அடியில் பார்த்தால் அந்தக் கருவிகள் சில தெரியும். நேர் எதிரே செயின்ட் பால்ஸ் தேவாலயக் கோபுரம். திரும்பி வந்து நடையைத் தொடர்ந்தால் பரோ மார்க்கெட் வரும். திங்களன்று விடுமுறை, மற்ற நாளில் பசியோடு போனால் பர்ஸ் காலியாகும். அதற்கப்புறம் டவர் பிரிட்ஜ். 1894இல் திறந்த பாலம், பெரிய கப்பல் வரும்போது இரண்டு பாதியாகத் தூக்கிக்கொள்ளும். எந்த நாள் எத்தனை மணிக்குத் தூக்குவார்கள் என்று முன்கூட்டியே அட்டவணை போடுகிறார்கள். அதைப் பார்த்து நடையின் நேரத்தை அமைத்துக்கொண்டால் ஒரு காசு செலவில்லாமல் அருமையான காட்சி.

இந்த நடையில் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது ஆற்றின் சுவரை. மலையில் ஆறு என்றால் கீழே இறங்குவது, அவ்வளவுதான். கல்லாறு மேலே ஏறி யாரும் பார்த்ததில்லை. தேம்ஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் ஏற்றத்தில் திரும்பி மேல்நோக்கி ஓடும். லண்டன் பிரிட்ஜ் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உயர வித்தியாசம் சில நாளில் ஏழு மீட்டர்வரை போகும், இரண்டு மாடி உயரம். காலையில் போகும்போது கரைச் சுவரில் பாசி படிந்த பச்சைக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று ஓரிடத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் வற்றியிருந்தால் கல்படிகள், சங்கிலி, சேறு, கூழாங்கல் எல்லாம் வெளியே கிடக்கும். மத்தியானம் அதே இடத்துக்கு வந்தால் படிகளைக் காணோம், தண்ணீர் பச்சைக் கோட்டைத் தொட்டு அலம்பிக்கொண்டிருக்கும். கீழே இறங்கிச் சேற்றில் எதையும் தோண்டிப் பொறுக்காதீர்கள். அதற்குத் துறைமுக அதிகாரிகளிடம் அனுமதிச் சீட்டு வேண்டும், ஏற்றம் வரும் வேகமும் ஆபத்தானது.

மலைக்காரருக்கு ஐந்து கிலோமீட்டர் ஒரு தூரமா என்று நினைத்துச் செருப்போடு போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்ற இறக்கத்தில் ஒவ்வொரு அடியும் வேறு மாதிரி விழும், தசைகள் மாறி மாறி வேலை செய்யும். சமதளக் கல்பாவிய தரையில் ஒரே மாதிரி அடி பல்லாயிரம் தடவை விழுவதால் குதிகாலும் கெண்டைக்கால் முன்பக்க எலும்பும் இரண்டாம் நாள் பிடித்துக்கொள்ளும். அடித்தளம் தடித்த, பழகிய ஷூ வேண்டும், புதுசு கூடாது. தண்ணீர் பாட்டிலை ரூம் குழாயிலேயே நிரப்பலாம், நல்ல தண்ணீர்தான். மியூசியங்களிலும் பெரிய ரயில் நிலையங்களிலும் கழிப்பறை இலவசம். மேப் பார்க்கப் போனை எடுத்தால் சாலை ஓரத்தில் நிற்காமல் கடைச் சுவரோடு ஒட்டி நின்று பாருங்கள். எலெக்ட்ரிக் சைக்கிளில் வந்து கையிலிருந்து பிடுங்கிப் போவது லண்டனில் நிஜமான தொந்தரவு.

டவர் பிரிட்ஜைக் கடந்து வடகரை வந்ததும் கால் கெஞ்சும். அங்கே 15ஆம் நம்பர் பஸ் பிடித்து மேல்தளத்தில் முன் சீட்டில் உட்கார்ந்தால், நடந்து பார்த்த ஊரின் மறுபக்கம், செயின்ட் பால்ஸ், ஃப்ளீட் ஸ்ட்ரீட் வழியாக ட்ரஃபால்கர் சதுக்கம்வரை உயரத்திலிருந்து வரும். பஸ் ஸ்டாப்புகளுக்கு எழுத்து உண்டு. ஒரே பெயரில் நாலு ஸ்டாப் இருக்கும், கம்பத்தின் தலையில் இருக்கும் எழுத்தையும் பஸ் எந்தத் திசைக்கு என்று எழுதியிருப்பதையும் பார்த்து நில்லுங்கள். பஸ் வரும்போது கையை நீட்டுவதும் நல்லது.

கால் தெம்பாக இருந்தால் ஏறுவதற்கு முன் ஐந்தாறு நிமிடம் மேற்கே நடந்து மின்சிங் லேனுக்குள் போய் வரலாம். பார்க்க ஒன்றுமில்லாத சின்னத் தெரு. உலகத் தேயிலை வியாபாரத்தின் தலைநகராக நூறு வருடத்துக்கும் மேல் இருந்த தெரு. லண்டன் தேயிலை ஏலம் 1998 ஜூன் 29இல் கடைசியாக நடந்து நின்றுபோனது. குன்னூரில் ஏல மையம் வந்ததே 1963இல்தான். பச்சைத் தேயிலைக்கு இந்த வாரம் என்ன விலை என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அந்தத் தெருவில் ஐந்து நிமிடம் நிற்பது நியாயம்தான் என்று எனக்குப் படுகிறது. பக்கத்திலேயே ஸ்கை கார்டன் இருக்கும் உயரக் கட்டடம். அனுமதி இலவசம், ஆனால் முன்பதிவு வேண்டும்.

மியூசியத்தில் ஒன்றரை மணி நேரம்

பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மாடர்ன், நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம், சயின்ஸ் மியூசியம் எல்லாவற்றுக்கும் நிரந்தரக் கூடங்களில் கட்டணம் இல்லை. இலவசம் என்பதால் செய்யும் தப்பு, ஒரே நாளில் முழுசாகப் பார்க்க முயல்வது. மூன்றாவது மணி நேரத்தில் கண் திறந்திருக்கும், மனசு மூடிவிடும். ஒரு தடவைக்கு இரண்டு கூடம், ஒன்றரை மணி நேரம், பிறகு வெளியே. காசில்லை என்பதன் உண்மையான பயன், வருடம் முழுக்க இருபது தடவை வரலாம் என்பதுதான். வெள்ளிக்கிழமை பிரிட்டிஷ் மியூசியம் இரவு எட்டரைவரை திறந்திருக்கும். இருட்டு மாதங்களுக்கு இது கைகொடுக்கும். உருட்டும் பெட்டியோடு போனால் உள்ளே விட மாட்டார்கள்.

அங்கே முதலில் சீனா, தெற்காசியப் பொருட்கள் இருக்கும் 33ஆம் கூடம். அதை ஒட்டி அமராவதிச் சிற்பங்கள். எழும்பூர் மியூசியத்தில் பார்த்தவர்களுக்கு அதே ஸ்தூபியின் இன்னொரு பங்கு இங்கே இருப்பது உடனே புரியும். நம் மலைக்கும் அந்த மியூசியத்தில் இடம் உண்டு. நீலகிரியின் பழைய கல்வட்டங்களிலிருந்து தோண்டி எடுத்த பொருட்கள் அவர்கள் சேகரிப்பில் இருக்கின்றன. அப்படித் தோண்டியவர்களில் ஒருவர் நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ். ஊட்டியில் அவர் பெயரை ஸ்கூல் பெயராகத் தெரியாதவர் இல்லை. சேகரிப்பில் இருப்பது எல்லாம் காட்சிக்கு இருக்காது, அதனால் கிளம்புமுன் மியூசியத்தின் இணையப் பட்டியலில் நீலகிரி என்று தேடி, எது எந்தக் கூடத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். யாருடைய கல்லறையிலிருந்து எடுத்தது, யாரைக் கேட்டு எடுத்தது என்ற கேள்வியும் கூடவே எழும். எழட்டும்.

கியூ தாவரவியல் பூங்காவைப் பற்றிக் கேட்பார்கள். அங்குள்ள கண்ணாடிப் பனை மாளிகை கட்டி முடிந்ததும் ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் தொடங்கியதும் ஒரே வருடம், 1848. ஊட்டித் தோட்டத்தை அமைத்த மக்ஐவர் கியூவில் வேலை பழகியவர். ஆனால் கட்டணம் அதிகம். ஏப்ரலில் பூ வரும்போது போங்கள்.

சாப்பாட்டுக்கு ஏங்கினால் மூன்றாம், நான்காம் நாளில் ஈஸ்ட் ஹாம் போய்விடுங்கள். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இறங்கி நடந்தால் தமிழ்ப் பலகைகள், முருங்கைக்காய், இடியாப்பம். கடைக்காரர் பலர் ஈழத்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து திரும்பிக் கோத்தகிரி, கூடலூர் பக்கம் தோட்ட வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தத் தமிழ் பாதி பழக்கமாகவும் பாதி புதிதாகவும் கேட்கும். தாத்தா பாட்டி பேசியது மலையகத் தமிழ், இங்கே கேட்பது பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழ். "எந்த இடம் தம்பி நீங்கள்?" என்று கேட்டால் ஊட்டி என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் குடும்பக் கதையையும் சொல்லுங்கள்.

கிரீனிச்சில் 102 மீட்டர்

ஒரு முழு நாள் கிரீனிச்சுக்குக் கொடுங்கள். பாங்க் நிலையத்தில் டி.எல்.ஆர். பிடித்து, முன்னால் ஓட்டுநர் இல்லாத சீட்டில் உட்கார்ந்து ஐலண்ட் கார்டன்ஸில் இறங்குங்கள். அங்கிருந்து 1902இல் திறந்த நடைச் சுரங்கம், ஆற்றுக்கு அடியில் 370 மீட்டர். மறுகரையில் ஏறினால் கட்டி சார்க் கப்பல் நிற்கும். 1869இல் சீனத் தேயிலை ஏற்றி வரவே கட்டிய பாய்க்கப்பல். உள்ளே போகக் காசு, வெளியே நின்று பாய்மரக் கயிறுகளை எண்ணுவது சும்மா. பிறகு பூங்கா மேட்டில் ஏறினால் வானாய்வகம். உலகத்தின் சைபர் தீர்க்கரேகை அங்கே ஓடுகிறது. முற்றத்தில் உலோகக் கோட்டின் மேல் கால் அகட்டி நிற்கக் கட்டணம் உண்டு. வெளியே நடைபாதையிலும் அந்தக் கோட்டின் தொடர்ச்சிக்கு அடையாளம் உண்டு, அதற்குக் காசில்லை.

கோட்டின் மேல் நின்று போனை எடுத்துப் பாருங்கள். சைபர் வராது. மேற்கே ஐந்து கோண விநாடி என்று காட்டும். போன் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். போனில் சைபர் வரும்வரை கிழக்கே நடந்தால் சுமார் 102 மீட்டர் தள்ளி பூங்காவின் நடுவில், எந்தக் குறியும் இல்லாத இடத்தில் போய் நிற்பீர்கள். காரணம் இதுதான். 1851இல் ஏரி என்ற வானியலாளர் தொலைநோக்கியை நிறுத்தியபோது நேர்மேல் எது என்பதைப் பாதரசத் தட்டு வைத்துத்தான் அளந்தார். பாதரசத்தின் மட்டம் அந்த இடத்துப் புவியீர்ப்பைப் பொறுத்தது. கொத்தனார் கட்டும் தூக்குக்குண்டு மலைக்குப் பக்கத்தில் மயிரிழை மலைப்பக்கம் சாயும் அல்லவா, அதே கதை. நிலத்தடிப் பாறை எங்கும் ஒரே அடர்த்தி கிடையாது. செயற்கைக்கோளோ பூமியின் மையத்திலிருந்து கணக்குப் போடுகிறது. இரண்டுக்கும் நடுவில் விழுந்த சாய்வுதான் அந்த 102 மீட்டர். காலால் நடந்து அதை அளப்பதற்கு இணையான பாடம் வேறு இல்லை.

அங்கே மத்தியானம் ஒரு மணிக்கு இருங்கள். வானாய்வகக் கூரையில் ஒரு சிவப்பு உருண்டை கம்பத்தில் இருக்கிறது. 12.55க்குப் பாதி ஏறும், 12.58க்கு உச்சிக்குப் போகும், சரியாக ஒரு மணிக்கு விழும். ஆற்றில் நின்ற கப்பல்கள் கடிகாரத்தைச் சரிபார்க்க 1833இலிருந்து விழுகிறது. அந்த நிமிடம் நம் ஊரில் மாலை ஐந்தரை. வீட்டில் டீக்கு அடுப்பில் பாத்திரம் ஏறியிருக்கும். போன் பேச நல்ல நேரம் அதுதான். லண்டன் மாலை ஆறு மணிக்குக் கூப்பிட்டால் இங்கே பத்தரை, தூக்கக் கலக்கத்தில் எடுத்து "சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள்.

கடிகாரம் திரும்பும் ஞாயிறு

பத்து நாளில் முடியாததற்கு ஒரு கடைசி நாள் வைத்துக்கொள்ளலாம்: அக்டோபர் கடைசி ஞாயிறு. அன்று ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். காலையில் ஆர்ச்வே ரோட்டில் ஹைகேட் ஹில் முருகன் கோயில். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்பது அங்கேயும் பொய்க்கவில்லை. எல்க்ஹில் முருகனுக்குப் படியேறிய கால்களுக்கு அந்த மேடு ஒன்றுமில்லை. தரிசனம் முடித்து, சாப்பிட்டுவிட்டு மத்தியானத்துக்கு மேல் ஹாம்ஸ்டெட் ஹீத் வழியாக மேற்கே மெதுவாக நடந்தால் பார்லிமென்ட் ஹில் வந்துவிடும். உயரம் 98 மீட்டர். 2,637 மீட்டர் தொட்டபெட்டாவைப் பார்த்தவர்கள் அதை மலை என்று சொல்ல மாட்டோம், ஆனால் லண்டன் முழுக்க அங்கிருந்து தெரியும். செயின்ட் பால்ஸ் கோபுரம் அந்த மேட்டிலிருந்து மறைந்துவிடாதபடி நடுவில் கட்டடம் எழுவதைக் கட்டுப்படுத்தி நகரத் திட்டத்திலேயே விதி வைத்திருக்கிறார்கள். நம் மலையிலும் கட்டட உயரத்துக்கு விதி உண்டு. பள்ளத்தாக்கு தெரிந்த ஜன்னல்களை எல்லாம் லாட்ஜ் சுவர் மறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், விதியைக் காப்பாற்றினால் ஊர் எப்படி இருக்கும் என்று அங்கே நின்று பார்க்கலாம்.

நாலரைக்குள் மேட்டில் இடம் பிடித்து உட்காருங்கள். ஜெர்கின், குல்லா, பிளாஸ்க்கில் ஊரிலிருந்து கொண்டுபோன டஸ்ட் டீ. நாலே முக்காலுக்குச் சூரியன் இறங்கும். இறங்கின பின்னும் அரை மணி நேரம் வானத்தில் வெளிச்சம் நிற்கும், கீழே விளக்குகள் ஒவ்வொன்றாக வரும், நடந்த தெருக்களை விரல் நீட்டிச் சொல்லலாம். அன்றிலிருந்து ஊருக்கும் அங்கேயும் ஐந்தரை மணி நேர வித்தியாசம், எனவே வீட்டில் அப்போது பத்தேகால். அம்மாவை அன்று ஒரு நாள் தூங்காமல் இருக்கச் சொல்லி வீடியோவில் கூப்பிட்டுக் காட்டுங்கள். திரும்ப 24ஆம் நம்பர் பஸ் ஹீத்தின் தெற்கு முனையிலிருந்து ட்ரஃபால்கர் சதுக்கம்வரை வரும். மேட்டிலிருந்து ஸ்டாப்புக்கு இறக்கத்தில் கால் மணி நேரம். பாதையில் எல்லா இடத்திலும் விளக்கு கிடையாது, போனில் சார்ஜ் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.